எல்லார் வீடும் திறந்த வெள்ளிக்கிழமை

கரிவெள்ளூர்
8 ஜூன் 2004

அன்புள்ள சுஹரா,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் மேசையில் போட்டு வைத்திருப்பாய். எத்தனை நாள் என்று கேட்கமாட்டேன். இதை எழுத எனக்கே மூன்று நாள் ஆயிற்று.

இங்கே இடவப்பாதி மழை பிடித்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்திருக்கிறது. வீட்டில் நாராயணிக்கு முட்டிவலி. "அந்த மலைக் குளிர்ல சுஹரா என்ன பண்றாளோ" என்று நேற்றுகூடக் கேட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் செறுவத்தூரிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். அவன் என் வகுப்பில் உட்கார்ந்தவன் இல்லை. என் பக்கங்களைப் படித்துப் பரீட்சை எழுதுகிறவன். "மாஷே, நிகழ்தகவு மூணாம் பாடம் திறக்க மாட்டேங்குது. இப்படி ஒரு பக்கமே இல்லைன்னு வருது" என்றான். குடையை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். கம்ப்யூட்டர் லேபில் உன் நாற்காலியில் இப்போது ஷைனி என்றொரு பெண். கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். "ரிட்டயர் ஆனவங்க வீட்டையெல்லாம் லீவுல இடிச்சு நெரவியாச்சு மாஷே. எடம் பத்தலை" என்று சிரித்தாள்.

அந்தப் பழைய கம்ப்யூட்டரில் நாம் இருவருமாக லினக்ஸ் ஏற்றிய நாள் உனக்கு மறந்திருக்காது. உள்ளே ஆளுக்கொரு வீடு, வீட்டுக்குள் உலகம் வந்து பார்க்க ஓர் அறை. கல்லூரியின் முகவரி, ஒரு சாய்கோடு, ஓர் அலைக்குறி, பிறகு நம் பெயர். முதலில் நம் இருவருக்கு மட்டும், பிறகு ஆசிரியர், மாணவர் எல்லாருக்கும். அந்த அலைக்குறிக்குப் பின்னால் நாற்பத்திரண்டு பாடங்கள் வைத்திருந்தேன். பிரிவுபசார நாளில் பையன்கள் சொன்னார்களாமே: "மாஷ் போர்டை அழிக்கிற வேகத்துல பாதிக் கணக்குதான் நோட்டுல இருக்கு, மீதி நெட்டுலதான் இருக்கு." அந்த மீதியும் இப்போது இல்லை.

நீ வெள்ளிக்கிழமை தோறும் எல்லாவற்றையும் சிடியில் எடுத்து வைப்பாயே. உன்னிடம்தான் இருக்கும் என்று ஷைனியும் சொன்னாள். ஒரு பிரதி அனுப்ப முடியுமா? ஓணம் விடுமுறைக்குப் பிறகு லேபுக்கு என் பெயரை வைக்கப்போகிறார்களாம். நான் கேட்கவில்லை, அவர்களாக முடிவு செய்தது. அன்று பாடங்களைப் பெரிய திரையில் காட்ட வேண்டும் என்கிறார்கள்.

நடந்ததை எண்ணி மனதைக் கசக்காதே. ஒரு கணக்கில் ஒரு படி தப்பிவிட்டால் முழு நோட்டையும் கிழித்துப் போடுவோமா?

அன்புடன்,
பொதுவாள் மாஷ்


நெடுங்கண்டம்
21 ஜூன் 2004

மாஷுக்கு,

கடிதம் கிடைத்தது. அன்றே பிரித்துவிட்டேன். எனக்கு வரும் தபால் குறைவு.

நீங்களும் தபாலில் எழுதியதில் நிம்மதி. இங்கே மின்னஞ்சலைப் பார்த்துக்கொள்பவரும் என்னைப் போன்ற ஒருவர்தான். நினைத்தால் யாருடையதையும் படிக்கலாம். நான் யாருடையதையும் படித்ததில்லை. படித்தேன் என்றுதான் என் கோப்பில் இருக்கிறது.

சிடி என்னிடம் இருக்கிறது. பய்யனூர் வீட்டில், பரணில். அடுத்த முறை போகும்போது எடுத்து அனுப்புகிறேன்.

தப்பிய படியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எந்தப் படி என்று நீங்கள் எழுதவில்லை. முதல் படியிலிருந்து வரவேண்டும் என்பது உங்கள் பாடம், அதனால் நான் எழுதுகிறேன்.

ஆசிரியர்களுக்கு வகுப்பு எடுத்தபோது நீங்கள் சொன்ன உதாரணம் இன்னும் எனக்கு மனப்பாடம். "நம்ம வீட்டுத் தோட்டம், அந்தப் பறம்பு வழியா பக்கத்து வீட்டுக்காரன் நடந்து போறதுக்கு வழி விடறோம். அவன் நடக்கலாம். மரத்துல எத்தனை மாங்கா இருக்குன்னு நின்னு எண்ணக் கூடாது. நடக்க மட்டும் விட்டா ஒண்ணு, நின்னு பாக்கவும் விட்டா அஞ்சு." எல்லாரும் சிரித்தார்கள். எல்லாருக்கும் புரிந்தது. வீட்டு வாசலுக்கு 711. ஏழு நமக்கு முழு உரிமை, ஒன்றும் ஒன்றும் ஊருக்கு நடக்க மட்டும். உள்ளே உலகம் பார்க்கும் அந்த ஓர் அறைக்கு மட்டும் 755.

2003 ஜனவரி 24, வெள்ளிக்கிழமை. மூன்றரைக்கு, எல்லாருக்கும் வீடு கொடுத்ததற்கான திறப்பு விழா. இரண்டு மணிக்கு விருந்தினரை அழைத்துவர என்னை ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். ரயில் தாமதம். பிரின்சிபலின் பக்கம் 'அனுமதி இல்லை' என்று காட்டியது, ஏனென்றால் புது வீடுகளின் வாசல்கள் எல்லாம் பூட்டியிருந்தன. லேபில் நீங்கள் மட்டும். நான் திரும்பி வந்தபோது பக்கம் திறந்தது. "எப்படி மாஷே?" என்று கேட்டேன். "வாசலைக் கொஞ்சம் திறந்துவிட்டேன் சுஹரா, வா, வா, பாயசம் ஆறுது" என்றீர்கள். எனக்கு இருந்த அவசரத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. என் தப்பு அது ஒன்றுதான்.

திங்கள் காலை ஷீஜா டீச்சரின் கடிதம் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தது. மங்களூர் டாக்டருக்கு அவள் எழுதி, அனுப்பாமல் தன் வீட்டுக்குள் வைத்திருந்த கடிதம். தூக்கம் வருவதில்லை, வகுப்பில் நிற்கும்போது கை நடுங்குகிறது என்றெல்லாம். அடியில் எவனோ பேனாவால் எழுதியிருந்தான்: "மருந்து வேணுமா டீச்சர்?" நான் ஓடிப்போய் சர்வரைப் பார்த்தேன். எல்லார் வீடும், எல்லா அறையும், எல்லாப் பெட்டியும் 755. லேபில் உட்காரும் எந்தப் பையனும் எதையும் படிக்கலாம். மூன்று நாளாக அப்படி. உடனே ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் பூட்டினேன். யோசிக்கவே இல்லை. வீடு எரியும்போது தண்ணீரைத்தான் ஊற்றுவோம்.

அந்தத் தண்ணீர்தான் என்னை மூழ்கடித்தது. பூட்டை யார் கடைசியாகத் தொட்டார்கள் என்பதை மட்டும்தான் இயந்திரம் நினைவு வைத்திருக்கும். விசாரணைக்கு வந்த நிபுணர் கேட்டார்: "எல்லா ஃபைலும் திங்கள் பத்து இருபதுக்கு மாறியிருக்கு. அப்ப ரூட்டுல உக்காந்திருந்தது யாரு?"

"நான்தான் சார். நான் பூட்டினேன்."

"தெறந்தது?"

உங்கள் பெயரைச் சொல்லியிருக்கலாம். "எனக்குத் தெரியாது" என்றேன். ரூட் பாஸ்வேர்டு, எல்லா வீட்டையும் திறக்கும் அந்த ஒற்றைச் சாவி, தெரிந்தது நம் இருவருக்கு மட்டும். அடுத்து உங்களைக் கூப்பிடப் போகிறார்கள், நீங்களே சொல்வீர்கள், அதுதான் உங்களுக்கு மரியாதை என்று நினைத்தேன். கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் குரல் கேட்டது. "சர்வரைப் பாத்துக்கிட்டது சுஹரா. நான் பாடம் போடறவன்."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை, மாஷே. அதுதான்.

ஷீஜா அந்தத் திங்கள் மத்தியானமே கல்லூரியை விட்டுப் போய்விட்டாள். படியில் என்னைப் பார்த்து, "டீச்சரே, சாவி உங்க கையிலதானே இருந்துச்சு?" என்றாள். அவளுக்கு நான் எழுதிய மூன்று கடிதங்களும் பிரிக்காமல் திரும்பி வந்தன.

என்னை இந்த மலைக்கு மாற்றிய தண்டனைக்கு எதிராக, ஆகஸ்ட் 12 அன்று திருவனந்தபுரத்தில் என் மேல்முறையீடு. அதற்கு உங்களிடமிருந்து எனக்கு ஒரு வாக்கியம் வேண்டும். நானே எழுதித் தருகிறேன், நகல் எடுத்துக் கையெழுத்துப் போட்டால் போதும்: 'அன்று பிற்பகல் சுஹரா லேபில் இல்லாதபோது, எல்லாருடைய வீட்டையும் திறந்த கட்டளையைத் தட்டியது நான்.'

நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் சிடி வரும். பையன்கள் படிக்க வேண்டும்.

சுஹரா


கரிவெள்ளூர்
3 ஜூலை 2004

அன்புள்ள சுஹரா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாராயணியிடம் காட்டவில்லை. அவளுக்கு ரத்த அழுத்தம்.

அந்த வெள்ளிக்கிழமையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். பிரின்சிபல் லேபுக்குள் வந்து, "பொதுவாளே, மேடையில என் பக்கம் திறக்கலைன்னா நான் மூஞ்சியை எங்க கொண்டு வைக்கறது?" என்றது நினைவிருக்கிறது. பாயசத்தின் மணம்கூட நினைவிருக்கிறது. நான் ஏதோ தட்டினேன். அன்று நாலைந்து விதமாகத் தட்டிப் பார்த்திருப்பேன். இன்னதுதான் தட்டினேன் என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. கணக்கு ஆசிரியனிடம் தெரியாததைத் தெரியும் என்று எழுதித் தரச் சொல்லலாமா?

ஓர் உதாரணம் சொல்கிறேன், கோபப்படாதே. என் அண்ணனும் பக்கத்துப் பறம்பு குஞ்ஞம்புவும் மூன்றடி அகல வழிக்காக இருபத்திரண்டு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார்கள். தீர்ப்பு வந்தபோது இருவருமே அந்த வழியில் நடக்க முடியாத வயதுக்கு வந்திருந்தார்கள். குஞ்ஞம்பு கட்டிலில் கிடந்தபடி, "ஜெயிச்சாச்சா? சரி, என்னைத் தூக்கிட்டுப் போயி ஒரு தடவை காட்டுங்கடா" என்றாராம். எதற்குச் சொல்கிறேன் என்றால், ஜெயிப்பதற்கும் ஒரு காலம் இருக்கிறது. ஷீஜா மைசூரில் தன் அக்கா வீட்டில் அமைதியாக இருக்கிறாள் என்று கேள்வி. கிளறினால் அவளுக்குத்தானே மறுபடி வலிக்கும்?

முப்பது வருஷம் ஒரே கல்லூரியில் நின்றவன் நான். வேறு சம்பாத்தியம் இல்லை, அந்தப் பெயர் ஒன்றுதான். நீ புரிந்துகொள்வாய்.

என்னால் ஆனதைச் செய்திருக்கிறேன். நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்று மனதாரத் தயாரித்து இதோடு வைத்திருக்கிறேன். உன் உழைப்பு, நேர்மை, பொறுமை எல்லாம் எழுதியிருக்கிறேன். மேல்முறையீட்டில் அதற்கு எடை இருக்கும்.

பாடங்களை மறந்துவிடாதே.

அன்புடன்,
மாஷ்


பய்யனூர்
18 ஜூலை 2004

மாஷுக்கு,

இரண்டு நாள் விடுப்பில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். உங்கள் ஊருக்கு இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்கூட இல்லை. வரவில்லை. வந்தால் நாராயணியேடத்தி டீ போட்டுக்கொண்டு வருவார், அதைக் குடிக்க வேண்டியிருக்கும்.

உங்கள் அண்ணனும் குஞ்ஞம்புவும் நடக்க முடியாத வயதுக்கு வந்தார்கள். எனக்கு நாற்பத்து நான்கு. நான் நடக்கிறேன். நெடுங்கண்டத்திலிருந்து இங்கே வர பஸ்ஸும் ரயிலுமாகப் பதினாறு மணி நேரம். நஸ்ரின் பத்தாம் வகுப்பு. நேற்று நான் உள்ளே நுழைந்ததும், "உம்மா, வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணக் கூடாதா? நாங்க மீன் வாங்கலையே" என்றாள். விருந்தாளியிடம் சொல்வதுபோல் சொன்னாள். என் கணவர் பஷீர் அவளைத் திட்டினார். அவள் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை.

சான்றிதழைத் திருப்பி அனுப்புகிறேன். பதினான்கு வருடம் என் நடத்தையைக் கவனித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு ஒரு பிற்பகல் போதும்.

இதோடு சிடி இருக்கிறது. உங்கள் பாடங்களின் கடைசிப் பிரதி எது என்று தேடும்போதுதான் அந்த ஜனவரி 24 சிடி கையில் வந்தது. அன்று விழா முடிந்து, எச்சில் இலை எடுக்கும் நேரத்தில், வழக்கம்போல் நான் எடுத்து வைத்தது. பாடங்கள் நாற்பத்திரண்டும் ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. பக்கத்தில் இன்னொரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். அதில் ஒரே ஒரு ஃபைல். திறப்பதும் திறக்காததும் உங்கள் விருப்பம்.

ஆகஸ்ட் 12. நான் எழுதித் தந்த வாக்கியத்தில் ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம். நாள் போதுமான அளவு இருக்கிறது.

சுஹரா


கரிவெள்ளூர்
4 ஆகஸ்ட் 2004

அன்புள்ள சுஹரா,

சிடி பத்திரமாக வந்து சேர்ந்தது. கணக்கில் சொல்வதானால், எனக்கு உயிர் பாதி திரும்பி வந்தது. பாடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பதினேழாம் பாடத்தில் ஒரு கூட்டல் பிழை. இத்தனை வருஷமாக ஒருவரும் சொல்லவில்லை பார். மற்ற ஃபோல்டரை நான் திறக்கவில்லை. பழைய ஃபைல், இப்போது எதற்கு?

உனக்கு நல்ல செய்தி. மேல்முறையீட்டு அதிகாரிக்கு நேற்று ரிஜிஸ்டர் தபாலில் எழுதி அனுப்பிவிட்டேன். ராத்திரி தூக்கமில்லாமல் நாலு முறை எழுதிக் கிழித்து ஐந்தாவதாக எழுதியது. முக்கியமான பகுதியை உனக்காக நகல் எடுக்கிறேன்:

'அன்றைய விழா அவசரத்தில் எங்கள் அனைவரிடமும் கவனக்குறைவுகள் நேர்ந்திருக்கக்கூடும். மூத்தவன் என்ற முறையில் அதன் தார்மீகப் பொறுப்பை நான் ஏற்கிறேன். சுஹராவின் பிழையைக் கருணையுடன் பார்க்குமாறும், குடும்பத்தோடு வாழ அவருக்கு வாய்ப்பளிக்குமாறும் வேண்டுகிறேன்.'

நீ எழுதிய வாக்கியத்தைவிட இது பெரிய மனதைத் தொடும். நேரான கோடு எப்போதும் குறுகிய தூரம்தான், ஆனால் மலைப் பாதையை நேராகப் போட்டால் வண்டி ஏறுமா? நீ இருக்கும் ஊரிலேயே பார்க்கலாம், எத்தனை வளைவு.

நல்லதே நடக்கும். நாராயணி மாடாயிக்காவுக் கோயிலில் உன் பெயருக்கு ஒரு வழிபாடு சொல்லியிருக்கிறாள். நீ தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டாய்.

அன்புடன்,
மாஷ்


நெடுங்கண்டம்
19 ஆகஸ்ட் 2004

மாஷுக்கு,

மேல்முறையீடு தள்ளுபடி.

உங்கள் கடிதத்தை அதிகாரி சத்தமாகப் படித்தார். 'சுஹராவின் பிழை' என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாத்தீங்களா? இதுதான் பழைய தலைமுறை. கீழ வேலை பாத்தவங்க செஞ்ச தப்பைத் தன் தலையில ஏத்துக்கறாரு. இப்ப யாரு செய்வா?" என்றார். பக்கத்தில் இருந்த குமாஸ்தா, "என் மகன் இவரோட பாடத்தைப் படிச்சுத்தான் சார் இன்ஜினியரிங் சேந்தான்" என்றார். இருவரும் உங்களைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு நான் என் காகிதத்தை எடுத்து வைத்தேன். நீங்கள் திறக்காத அந்த ஃபைலின் அச்சு. ரூட்டில் உட்கார்ந்து யார் என்ன கட்டளை தட்டினாலும் வரிசையாக எழுதி வைக்குமே, அந்தப் பட்டியல். நேரம் இருக்காது, பெயர் இருக்காது, தட்டிய வரிகள் மட்டும். இருவருக்கும் ஒரே பட்டியல் என்பதால் ஒன்றரை வருடமாக அதை நான் மதிக்கவில்லை. ஜூலையில் பரணுக்கு அடியில் உட்கார்ந்து படித்தபோதுதான் கண்ணில் பட்டது.

என் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போகும். உங்கள் வரிகளுக்கு நடுவில் மட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'கிளியர்' இருக்கும். ஒரு கட்டளை, கிளியர். இன்னொரு கட்டளை, கிளியர். திரையைத் துடைக்காமல் உங்களால் அடுத்த வரி எழுத முடியாது. முப்பது வருடம் போர்டைத் துடைத்த கை. எல்லார் வீட்டையும், அடிவரை, 755 ஆக்கிய அந்த வரி பட்டியலில் இருக்கிறது. அதன் மேலே கிளியர், கீழே கிளியர்.

இதை விளக்கினேன். நிதானமாக, நீங்கள் விளக்குவதுபோல் உதாரணத்தோடு. அதிகாரி காகிதத்தைத் தூரப் பிடித்துப் பார்த்து, "என்னம்மா இது, கிளியர் கிளியர்னு? போர்டு அழிச்சா குத்தமா?" என்றார். குமாஸ்தா சிரித்தார். "அப்ப நிஜமாவே நல்ல வாத்தியார்தான் சார்!" அதற்கு அதிகாரியும் சிரித்தார். "இவ்வளவு நாள் சொல்லாம இப்ப சொல்றீங்களே, அதுவும் அந்தப் பெரிய மனுஷன் உங்களுக்காக எழுதின அன்னைக்கு" என்றார். கோப்பில் கடைசி வரியாக அதையும் எழுதச் சொன்னார்: 'நன்றியுணர்வு இல்லை.'

வெளியே வந்து பேக்கரியில் ஒரு பன்னும் டீயும் சாப்பிட்டேன். பசித்தது.

இனி மேலே போக இடமில்லை. ஓணத்துக்குப் பிறகு உங்கள் விழா நன்றாக நடக்கட்டும்.

சுஹரா


கரிவெள்ளூர்
10 செப்டம்பர் 2004

சுஹராவுக்கு,

நேற்றைக்கு முன்தினம் விழா நடந்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

லேப் வாசலில் பலகையைத் திறந்தார்கள். உள்ளே அறுபது பேர் இருந்தார்கள். ஷைனி என் பாடங்களைப் புதிதாக ஏற்றியிருந்தாள். பெரிய திரையில் என் பக்கத்தைத் தட்டினாள். 'அனுமதி இல்லை' என்று வந்தது. பிரின்சிபல் எல்லாரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, "மாஷ் இருக்கும்போது என்ன கவலை? பொதுவாளே, நீங்களே சரி பண்ணுங்க" என்று என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். எல்லாரும் கை தட்டினார்கள்.

என் கை தானாகப் போயிற்று. அதே வரியை, அடிவரை என்கிற அந்த எழுத்தோடு, எல்லார் வீட்டுக்குமாகச் சேர்த்துத் தட்டினேன். என்டரை அழுத்தப் போகும்போது ஷைனி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "ஐயோ மாஷே, வேணாம்! எல்லார் வீடும் தெறந்துடும்!" என்று கத்தினாள். மைக் பக்கத்தில் இருந்தது. அறுபது பேருக்கும் கேட்டது. புரிந்தவள் அவள் ஒருத்திதான். கையை எடுக்காமலே என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். 711, 755 என்று நீங்கள் எழுதிய பழைய அட்டவணை சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறது, ஒருமுறை அதையும் பார்த்தாள். நான் வரியை அழித்துவிட்டுத் திரையைத் துடைத்தேன். துடைத்த பிறகுதான் எதைச் செய்தேன் என்று தெரிந்தது.

நீங்கள் அனுப்பிய மற்ற ஃபைலைத் திறக்கவில்லை என்று எழுதினேன். வந்த அன்றே, பாடங்களுக்கு முன்னால், அதைத்தான் திறந்தேன். அந்த வெள்ளிக்கிழமை என்ன தட்டினேன் என்பது எனக்கு எப்போதும் மறக்கவில்லை.

பிரின்சிபலிடம் சொன்னேன். "விடுங்க மாஷே, வயசாச்சு, கை தடுமாறும்" என்றார். பலகையை எடுத்துவிடச் சொன்னேன். "திருகாணி அடிச்சாச்சு, பிடுங்கினா சுவர் கெடும்" என்றார். மேல்முறையீட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். முடித்த கோப்பைத் திறக்க வழியில்லையாம். இன்று காலை நாராயணியிடமும் சொன்னேன். அவள் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாள்.

கீழே எழுதியிருப்பதற்கு உதாரணம் எதுவும் இல்லை.

2003 ஜனவரி 24, வெள்ளிக்கிழமை பிற்பகல், சுஹரா லேபில் இல்லாதபோது, எல்லாருடைய வீட்டையும் திறந்த கட்டளையைத் தட்டியது நான். அது தெரிந்தே விசாரணையில் மறைத்தேன்.

கே. வி. குஞ்ஞிக்கண்ணப் பொதுவாள்


நெடுங்கண்டம்
1 அக்டோபர் 2004

மாஷுக்கு,

கிடைத்தது. நான் கேட்டது ஒரு வாக்கியம், நீங்கள் இரண்டு எழுதியிருக்கிறீர்கள். ஜூலையில் வந்திருந்தால் நான் இதை வீட்டிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

உங்களை மன்னித்தேனா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கு நன்றி.

இந்தக் கல்லூரியின் சர்வரிலும் எனக்கு ஒரு வீடு கொடுத்திருக்கிறார்கள். அலைக்குறி, பிறகு என் பெயர். வந்த நாளிலிருந்து அதில் நான் எதையும் வைக்கவில்லை. போன வாரம் உங்கள் காகிதத்தை ஸ்கேன் செய்து உள்ளே வைத்தேன். வாசலுக்கு 711, உலகம் பார்க்கும் அறைக்கும் 711. பக்கத்தின் பெயர் தெரிந்தவர் நேராக அதற்கு நடந்து போகலாம், தெரியாதவர் வந்து நின்றால் அங்கே என்ன இருக்கிறது என்றே தெரியாது. உங்கள் மாங்காய்க் கணக்குதான்.

அதை அகலத் திறக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். நஸ்ரின் போனில் கேட்டாள், "தெறந்து விட்டா என்ன உம்மா? எல்லாரும் பாக்கட்டுமே." எனக்கும் தோன்றாமல் இல்லை. ஒரு தடவை கட்டளையை என்டர் வரை தட்டியும் பார்த்தேன். ஆனால் ஒருத்தியின் கடிதம் ஒருமுறை நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டதைப் பார்த்தவள் நான். உங்களுக்காக நிறுத்தினேன் என்று நினைக்க வேண்டாம்.

பக்கத்தின் பெயரை ஒரு போஸ்ட் கார்டில் எழுதி மைசூருக்கு, ஷீஜாவுக்கு அனுப்பினேன். கார்டை யாரும் பிரிக்காமல் திருப்பி அனுப்ப முடியாது. வேறொன்றும் எழுதவில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம். பதினேழாம் பாடத்தின் பிழையை மட்டும் ஷைனியிடம் சொல்லித் திருத்திவிடுங்கள். பையன்கள் அதைத்தான் படிக்கிறார்கள்.

பக்கத்துக்கு யார் வந்து போனார்கள் என்று சர்வர் ஒரு பதிவு வைத்திருக்கும், உங்களுக்குத் தெரியும். தினமும் காலையில் லேபைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். கார்டு போய் ஒன்பது நாள் ஆகிறது. இன்று காலைவரை ஒரே ஒரு வரவு இருக்கிறது. அது நான்தான். முதல் நாள், திறக்கிறதா என்று தட்டிப் பார்த்தது.

சுஹரா